ஐவருக்கு ஒரு சீட்டு

அயல்நாடு சென்று திரும்பியவனைக் கண்டால் நம் நண்பர்கள் முதலில் கேட்பது, “என்னென்ன ஊர் பார்த்தாய்?” என்பதுதான். நான் 2017 செப்டம்பர் முதல் 2019 ஆகஸ்டு வரை ஜெர்மனியில் ஹாலே என்னும் நகரில், கிறிஸ்தவ மாணவர் ஊழியம் ஒன்றில் தொண்டனாக இருந்தேன். ஊர்களும் பார்த்தேன். ஆனால் பாரிசையும் ரோமையும் பற்றிக் கேட்க விரும்புவோருக்கு இக்கட்டுரையில் ஒன்றும் இல்லை. அவ்வூர்களுக்கு நான் போகவில்லை. விடுமுறை நாட்களை எங்கள் ஊழியம் ஏன் வேலை நாட்களினும் முக்கியமாகக் கருதியது, அந்நாட்களில் எங்கே, எப்படி, யாரோடு போனோம் என்பதையே எழுதப் புகுகிறேன். தீபாவளிக்கு ஊர் போக இரண்டு நாள் ரயிலில் இருக்க வேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கு இது முற்றிலும் அயலான செய்தி ஆகாது.

மாணவர் ஊழியம் என்றதும் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்வது என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியன்று. பல்கலைக்கழகங்களில் கிறிஸ்தவ மாணவர்கள் தாமே கூடி அமைத்த சங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பல நாடுகளில் தோன்றின. 1895இல் சுவீடனில் வாட்ஸ்டேனா என்னும் ஊரில் அவற்றுக்கு ஓர் உலகச் சம்மேளனமும் ஏற்பட்டது. எங்கள் சங்கம் மிகச் சிறியது. ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு பெரிய கெட்டில். வாரம் ஒரு மாலை எல்லோருக்கும் உணவு உண்டு. வேதம் படிக்க விரும்புவோர் படிப்பர். விரும்பாதோர் தட்டுகளைக் கழுவிவிட்டு அரட்டை அடிப்பர். வெளிநாட்டு மாணவர்களுக்கு அரசாங்கப் படிவங்களை நிரப்பித் தருவதும், ஜெர்மன் பேசப் பழக்குவதும் அன்றாட வேலை. வருவோரில் பாதிப்பேர் கிறிஸ்தவர் அல்லர். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஹாலே கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்திருந்த நகரம் என்பதையும் சொல்ல வேண்டும். பொதுவுடைமை அரசு இருந்த காலத்தில் இத்தகைய மாணவர் கூட்டங்கள் கண்காணிக்கப்பட்டன. 1953இல் ஹாலேயின் மாணவர் போதகராக இருந்த யோகன்னஸ் ஹாமல் கைது செய்யப்பட்டுச் சில மாதம் சிறையில் இருந்தார். இன்று தடை ஏதும் இல்லை; ஆயினும் அம்மாநிலத்தில் திருச்சபையைச் சேர்ந்தோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. கோயில்கள் வானளாவ நிற்கின்றன. உள்ளே முன்வரிசைகளில் மட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். திருவிழாக்கள் மட்டும் அரசாங்க விடுமுறைகளாக அப்படியே நிலைத்திருப்பது வியப்புத்தான்.

முதலில் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். ஞாயிறு ஓய்வுநாள் என்பது அங்கே வழக்கம் மட்டும் அன்று. 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பில் எழுதப்பட்டு, 1949இல் இயற்றிய அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே சேர்க்கப்பட்ட விதி. கடைகள் அடைத்திருக்கும். பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தாம் திறந்திருக்கும். வீட்டில் சுவரில் துளை போடக்கூடாது, புல் வெட்டும் இயந்திரம் ஓட்டக்கூடாது. காலிப் பாட்டில்களைத் தொட்டியில் போட்டாலும் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பர். புதிதாக வரும் மாணவர் சனிக்கிழமை இரவு அரிசி தீர்ந்ததை உணர்ந்தால் திங்கள் காலை வரை ரொட்டிதான். அதுவும் இருந்தால்.

உள்ளூராருக்கு இந்த அமைதி வரம். அன்று தாத்தா பாட்டி வீடு உண்டு, பிற்பகல் மூன்று மணிக்குக் காப்பியும் கேக்கும் உண்டு. வெளிநாட்டு மாணவருக்கோ பேச ஆளில்லாத நாள் அது. வேலை நாளில் வகுப்பும் ஆய்வுக்கூடமும் மனிதனைத் தாங்கிக்கொள்கின்றன. ஓய்வு நாளில்தான் தனிமை தெரிகிறது. ஆகவே எங்கள் சங்கம் சனி, ஞாயிறுகளைத் தன் வேலை நாட்களாக வைத்துக்கொண்டது. எனக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. அன்று பெரும்பாலான காட்சிசாலைகள் மூடியிருக்கும் என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகே அறிந்தேன். என் சொந்த நாட்களில் நான் கண்டவை ஆறுகளும் மலைகளும் கல்லறைத் தோட்டங்களுமே.

விடுமுறைப் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஹாலே இருப்பது சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம். ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டரில் உள்ள லைப்சிக் இருப்பது சாக்சனி மாநிலம். ஜனவரி 6, அதாவது மூன்று ஞானிகள் திருநாள், ஹாலேயில் விடுமுறை, லைப்சிக்கில் வேலை நாள். நவம்பரில் ஒரு புதன்கிழமை வரும் மனந்திரும்புதல் நாள் 1995 முதல் சாக்சனியில் மட்டும்தான் விடுமுறை. ஆகவே ஜனவரியில் ஹாலே மக்கள் லைப்சிக்கு ரயிலேறிப் போய்ச் சாமான் வாங்குவர். நவம்பரில் லைப்சிக் மக்கள் ஹாலேக்கு வந்து கடைகளை நிரப்புவர். மனந்திரும்பும் விதம் இது! கிறிஸ்து விண்ணேறிய திருநாள் எப்போதும் வியாழக்கிழமை. அன்று ஆண்கள் கூட்டங்கூட்டமாகக் கைவண்டியில் பீர் ஏற்றிக்கொண்டு காட்டுப் பக்கம் நடப்பார்கள். அதற்குத் ‘தந்தையர் நாள்’ என்று பெயர். மறுநாள் வெள்ளியும் விடுப்பு எடுத்தால் நான்கு நாள் சேர்ந்துவிடும். அத்தகைய வெள்ளிக்குப் ‘பாலநாள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி ரயில் சீட்டு. எங்கள் பயணமெல்லாம் அதைப் பொறுத்தே அமைந்தன. அங்கே மாநிலச் சீட்டு என ஒன்று உண்டு. ஒரே நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். விரைவு வண்டி கூடாது, மெதுவாகப் போகும் வட்டார வண்டிதான். வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு மேல், சனி ஞாயிறுகளில் நள்ளிரவு முதலே செல்லும். முதல் ஆளுக்கு ஒரு விலை, அடுத்து வரும் ஒவ்வொருவருக்கும் சிறு தொகை, ஐவர் வரை. சாக்சனி-அன்ஹால்ட் சீட்டு சாக்சனிக்கும் துரிங்கியாவுக்கும் சேர்த்தே செல்லும் என்பது எங்கள் அதிருஷ்டம். இதைப் போலவே நாடு முழுதும் செல்லும் வார இறுதிச் சீட்டு 1995இல் 15 மார்க் விலையில் தொடங்கி 2019 வரை இருந்தது. 2023 மே முதல் மாதச் சீட்டு வந்திருக்கிறது. தொடக்கத்தில் 49 யூரோ, பிறகு விலை ஏறியது. அது மலிவுதான், வசதிதான். ஆனால் அது ஒருவருக்கு ஒரு சீட்டு. ஐவர் சீட்டில் இருந்த நன்மை வேறு: நால்வர் சேர்ந்துவிட்டால் ஐந்தாவது ஆளைத் தேடத் தோன்றும். அறையை விட்டு வெளிவராத மாணவரின் கதவைத் தட்டி, “ஓர் இடம் மிச்சம் இருக்கிறது, வீணாகப் போகிறது” என்று சொல்வது எளிது. “நீங்கள் தனியாக இருக்கிறீர்களே, வாருங்கள்” என்று சொன்னால் எந்த மானமுள்ள மனிதனும் வரமாட்டான்.

அதிகம் போனது லைப்சிக். அங்குள்ள தோமையார் கோயிலில் 1723 முதல் 1750 வரை பாக் இசைத் தலைவராக இருந்தார். அவர் உடலும் அங்கேயே இருக்கிறது. வெள்ளி மாலை ஆறு மணிக்கும் சனி பிற்பகல் மூன்று மணிக்கும் சிறுவர் பாடகர் குழு பாடும். கட்டணம் மிகக் குறைவு. ஒரு மணி நேரம் யாரும் யாரோடும் பேசவேண்டியதில்லை. மொழி தெரியாதவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கிருந்து சிறிது தூரத்தில் நிக்கோலாஸ் கோயில். 1982 முதல் திங்கள்தோறும் அமைதிக்காக நடந்த ஜெபக் கூட்டம் வளர்ந்து, 1989 அக்டோபர் 9 அன்று சுமார் எழுபதாயிரம் பேர் தெருவில் நடந்த ஊர்வலமாயிற்று. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

விட்டன்பர்க் நகருக்கு 2017 அக்டோபர் 31 அன்று போனோம். லூதர் தம் 95 வாசகங்களை வெளியிட்டு ஐந்நூறு ஆண்டு நிறைந்த நாள். அந்த ஓர் ஆண்டு மட்டும் ஜெர்மனி முழுதும் விடுமுறை விட்டார்கள். கூட்டத்தில் கோயில் கதவை நெருங்கவே முடியவில்லை. நெருங்கினாலும் பழைய கதவு இல்லை; அது 1760இல் தீக்கிரையாயிற்று, இப்போதிருப்பது 1858இல் வைத்த வெண்கலக் கதவு. உடன் வந்த இந்தோனேசிய மாணவி கதவைவிடத் தெருவில் விற்ற சூடான வேர்க்கடலையைப் பெரிதும் ரசித்தாள். தவறென்ன?

தமிழனுக்கு ஹாலேயே ஒரு யாத்திரைத் தலம். பிராங்கே என்பவர் 1698இல் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்றும் அங்கே உள்ளன. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு இங்கே படித்தவர். ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் தரங்கம்பாடி சேர்ந்தன. அவை பெரிதாக இருந்து தாளை விழுங்கியமையால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் அவருடன் ஐரோப்பா சென்றிருந்தார். மூன்று நூற்றாண்டுக்கு முன் அந்தத் தெருக்களில் ஒரு தமிழர் குளிரில் நடந்திருக்கிறார்! அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. முன்கூட்டி எழுதிக் கேட்டு ஒரு நாள் மாணவர்களை அழைத்துச் சென்றேன். புள்ளியில்லாத மெய்யெழுத்தும், எகர ஏகாரம் ஒன்றுபோல் எழுதும் முறையுமாக, தட்டுத் தடுமாறித்தான் படிக்க முடிந்தது. ஆயினும் என்னோடு வந்தவர்கள் முதன்முறையாக என்னை ஏதோ ஒன்றுக்கு உரியவனாகப் பார்த்தார்கள். அதுவரை படிவம் நிரப்புகிறவன், அவ்வளவே.

சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் லைப்சிக்கும் டிரெஸ்டனும் தாண்டி இருக்கிறது. வட்டார வண்டியில் போய் வர ஒரு நாள் முழுதும் பிடித்தது. அவ்வூர் ‘மிளகு கேக்’ செய்வதில் பெயர்பெற்றது. 1558 முதல் அங்கே அதைச் சுடுகிறார்கள். மிளகு அதில் இல்லை. கிராம்பு, பட்டை முதலிய கீழ்நாட்டுச் சரக்கு எல்லாவற்றையும் ஒரு காலத்தில் ‘மிளகு’ என்றே அழைத்தனராம்.

இப்போது கிறிஸ்துமஸ். 2017 டிசம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை. தொடர்ந்து இரண்டு நாளும் விடுமுறை. ஆக மூன்று நாள் கடையில்லை. பல்கலைக்கழக உணவுச்சாலையும் மூடிவிட்டது. ஜெர்மானியர் கிறிஸ்துமசைத் தெருவில் கொண்டாடுவதில்லை. 24ஆம் தேதி மாலை ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொள்ளும்; உள்ளே மரமும் விளக்கும், பல வீடுகளில் உருளைக்கிழங்குச் சாலடும் தொத்திறைச்சியும். பொங்கலன்று நம்மூர்த் தெரு எப்படி இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு அத்தெருவில் நடந்தால் ஊரே காலி செய்துவிட்டுப் போனதுபோல் தோன்றும். மாணவர் விடுதியில் எங்கள் மாடியில் இருபது அறைகள். மூன்றில் மட்டும் விளக்கு எரிந்தது.

அவற்றில் ஒன்று சிரியாவிலிருந்து வந்த பொறியியல் மாணவருடையது. நான்கு நாளாகத் தாம் யாரோடும் ஒரு சொல் பேசவில்லை என்று அவர் பிற்பாடு சொன்னார். அன்று எங்கள் சங்கத்து அறையில் பதினோரு பேர் உண்டோம். சோறு, கோழிக் குழம்பு, பருப்பு, எத்தியோப்பிய மாணவி செய்த காரமான பயறு. ஒருவர் லூக்கா சுவிசேஷத்தில் பிறப்பின் வரலாற்றை வாசித்தார். சிரியா நண்பர் தம் வேதத்தில் மரியம் பேரீச்ச மரத்தடியில் பிள்ளை பெற்றதைச் சொன்னார். விவாதம் நடக்கவில்லை. பாத்திரம் நிறையக் கிடந்தது.

ஆனால் அவருக்கு அஞ்சத்தக்க நாள் கிறிஸ்துமஸ் அன்று, டிசம்பர் 31. அன்று நள்ளிரவில் ஜெர்மனி முழுதும் வாணவேடிக்கை; நம் தீபாவளி இரண்டு மணி நேரத்தில் அடங்கியதுபோல் இருக்கும். குண்டுவீச்சிலிருந்து தப்பி வந்தவருக்கு அவ்வொலி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. முந்தைய ஆண்டு குளியலறைத் தரையில் படுத்திருந்ததாகச் சொன்னார். என் மேலாளரான அம்மையாரிடம் கேட்டேன். மருத்துவமனை, கோயில், முதியோர் இல்லம், மரச்சட்ட வீடுகள் ஆகியவற்றின் அருகே வெடி வெடிக்கச் சட்டம் தடை செய்கிறது என்று அவர் விளக்கினார். மரச்சட்ட வீடுகளே நிறைந்த ஊர் எது? ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் உள்ள குவெட்லின்பர்க். பழைய வீடுகள் 1,300க்கு மேல், 1994இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஊர். அம்மையார் இரண்டு தொலைபேசி அழைப்பில் அங்கே ஒரு சபை மண்டபத்தைப் பிடித்துக்கொடுத்தார்.

சனிக்கிழமை காலை ஐவர் சீட்டில் புறப்பட்டோம்: சிரியா நண்பர், எத்தியோப்பிய மாணவி, இந்தோனேசிய மாணவி, சீன மாணவர் ஒருவர், நான். தரையில் மெத்தை விரித்துப் படுத்தோம். மறுநாள் நள்ளிரவில் வெடியோசை கேட்காமல் இல்லை. ஊருக்கு வெளியே, தொலைவில், அம்மி அரைப்பதுபோல் கேட்டது. அவர் சன்னலைச் சாத்திவிட்டுத் தேநீர் போட்டார். ஒரு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டார். நான்தான் தூங்கவில்லை, மண்டபத்தின் வெப்பக் குழாய் விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஜனவரி 6. ஹாலேயில் கடையடைப்பு. காலை எட்டரை மணிக்கு என் கதவை யாரோ தட்டினார்கள். சிரியா நண்பர், கையில் இரண்டு காலிப் பைகளுடன். லைப்சிக்கில் கடை திறந்திருக்கிறது, அரிசி வாங்கப் போகிறோம், நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஓர் இடம் மிச்சம் இருக்கிறது என்றார்.