மேஸ்திரியிடம் பேசுமுன்

பழைய வீட்டைப் பழுதுபார்க்கத் துணியும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதே. புதுக் கட்டடத்துக்கு அக்கணக்குப் பொருந்தும். பழுது வேலைக்குப் பொருந்தாது. பூச்சை உரித்த பின்னரே சுவரின் உண்மை நிலை தெரியும். வீட்டாருக்கும் மேஸ்திரிக்கும் பூசல் மூள்வது பெரும்பாலும் "கூடுதல் வேலை"யின் பேரில்தான் என்பதைப் பங்குகளில் பன்முறை கண்டிருக்கிறோம்.

ஆகவே, தாளில் எழுதிக்கொள்வோம்: எந்தச் சுவர், எவ்வகைப் பூச்சு, சிமெண்டும் மணலும் யார் பொறுப்பு, கூடுதல் வேலைக்கு என்ன கூலி. சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சிமெண்டு பூச விரைந்தால் தடுப்போம். ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு பெயர்ந்துவிடும். புதிய கான்கிரீட்டை 7 நாளாவது ஈரம் காயாமல் காக்கவேண்டும். தண்ணீர் ஊற்றுவது மேஸ்திரியின் வேலையென்று வீட்டாரும், வீட்டாரின் வேலையென்று மேஸ்திரியும் இருந்துவிட, தளம் வெடித்த வீடுகள் உண்டு!

முன்பணம் பொருள் வாங்கும் அளவுக்குப் போதும். மீதியை வேலை முடிய முடியக் கொடுக்கலாம். ஆனால் மேஸ்திரி மீதுள்ள மனத்தாங்கலில் சனிக்கிழமைப் பட்டுவாடாவையே நிறுத்துவோர் சிலர் உளர். அன்று மாலை வெறுங்கையோடு வீடு திரும்புபவர் மேஸ்திரியல்லர், சித்தாள் பெண். கதிரவன் மறையுமுன் கூலி கொடுக்குமாறு மோசேயின் சட்டம் பணித்தது அவளைப் போன்ற எளியோரின் பொருட்டே. குறை கண்டால் பிடித்துக்கொள்ள, இறுதித் தவணையில் ஒரு பகுதியை ஒதுக்குவதாக அத்தாளிலேயே எழுதிவிடலாம்.