ஒரு கிராமுக்குள் ஒரு கிரவுண்டு

சென்னையில் மனை வாங்கப் போகிறவருக்கு ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. அவ்வளவு பரப்பையும் ஒரு கிராம் தூளுக்குள் அடக்கலாம் என்று சொன்னால் எந்த மனைத் தரகரும் சிரிப்பார். வேதியியலாளர்கள் சிரிக்க மாட்டார்கள். குடிநீர் ஃபில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது பதப்படுத்திய கரி, நல்ல ரகமாக இருந்தால் கிராமுக்குச் சுமார் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு கொண்டது. நான்கரை கிரவுண்டு! சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தார் 2009-ல் அறிவித்த பாஃப்-1 என்ற பாலிமருக்குக் கிராமுக்கு 5,600 சதுர மீட்டர். இது ஒன்றேகால் ஏக்கரையும் தாண்டும்.

இத்தனை இடமும் எங்கே ஒளிந்திருக்கிறது? துளைகளின் சுவர்களில்தான். கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாத துளைகள் அவை. பலவற்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீளும் சங்கிலி. பிளாஸ்டிக் வாளியில் இந்தச் சங்கிலிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. நடுவே எதுவும் நுழைய வழியில்லை. துளை வேண்டுமானால் அவற்றை நெருங்கவிடாமல் செய்ய வேண்டும். பாலிமர் உருவாகும்போதே ஒரு திரவத்தைக் கலந்து, எல்லாம் கெட்டியான பிறகு அதைக் கழுவி எடுத்துவிட்டால் திரவம் இருந்த இடம் துளையாகிவிடும். இது ஒரு வழி. 1970 வாக்கில் மாஸ்கோவில் வதீம் தவான்கோவ் காட்டிய வழி இன்னும் சாமர்த்தியமானது. பாலிஸ்டைரீனைக் கரைப்பானில் ஊறவிட்டு உப்ப வைத்தார். உப்பிய நிலையிலேயே சங்கிலிகளுக்கு இடையில் விறைப்பான பாலங்களைப் போட்டார். கரைப்பான் வெளியேறிய பிறகு சுருங்க நினைத்தாலும் சங்கிலிகளால் சுருங்க முடியவில்லை. டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான். ஆனால் அதன் குமிழ்கள் பெரியவை, வாய் மூடியவை. தண்ணீரைச் சுத்தம் செய்ய உதவாதவை.

துளையுள்ள பாலிமர் நமக்குப் புதிதும் அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் தண்ணீருக்காக வைத்திருக்கும் சாஃப்ட்னர் தொட்டிக்குள் மஞ்சள் நிற மணிகள் இருக்கும். அவை அமிலத் தொகுதிகள் ஒட்டிய பாலிஸ்டைரீன் மணிகள். தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. பிடித்துப் பிடித்து நிரம்பிப்போன மணிகளை மீட்கத்தான் வாட்ச்மேன் அவ்வப்போது மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றுகிறார். இத்தகைய பிசின் மணிகளுக்கு முன்னோடியை 1935-ல் இங்கிலாந்தின் டெடிங்டனில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் செய்தார்கள்.

கால்சியத்துக்கு மின்னூட்டம் உண்டு. அதனால் அதைப் பிடிப்பது எளிது. பூச்சிமருந்து, மாத்திரை எச்சம், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பிஸ்பினால்-ஏ போன்றவற்றில் பலவற்றுக்கு அந்தப் பிடி கிடையாது. ஆனால் தண்ணீரே நமக்கு உதவுகிறது. தண்ணீர் மூலக்கூறுகளுக்குத் தங்களுக்குள் பிணைந்திருப்பதில்தான் நாட்டம். எண்ணெய்த்தன்மை கொண்ட எதையும் ஓரங்கட்டப் பார்க்கும். ஓரங்கட்டப்பட்ட மூலக்கூறுக்கு ஒதுங்க இடம் கொடுத்தால் போதும், தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கரி காலங்காலமாகச் செய்துவரும் வேலை இதுதான்.

அப்படியானால் கிரவுண்டு கணக்கில் யார் பெரியவரோ அவரே வெல்ல வேண்டும். வெல்லவில்லை என்பதுதான் இந்தத் துறையின் சுவையான செய்தி.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த வில்லியம் டிக்டலின் குழு, 2015-ன் கடைசியில் ஒரு பாலிமரைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதியது. அதன் பரப்பு கிராமுக்கு வெறும் 263 சதுர மீட்டர், ஒரு கிரவுண்டுக்குச் சற்றே அதிகம். ஆனால் மாசுகளைப் பிடித்த வேகத்தில், ஒப்பிட்டுப் பார்த்த கரிகளையும் பழைய பாலிமரையும் 15 முதல் 200 மடங்கு வரை முந்தியது. பிறகு அதை மெத்தனாலில் கழுவினாலே போதும், சாதாரண வெப்பத்திலேயே மறுபடி வேலைக்குத் தயார். கரியைப் புதுப்பிக்க நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் உலையில் இட வேண்டும்.

இந்தப் பாலிமரின் மூலப்பொருள் மாவுச்சத்து. மாவுச்சத்தைச் சில நுண்ணுயிர்களின் நொதி வெட்டி, ஏழு குளுக்கோஸ்களை வளையமாகக் கோத்துவிடும். பீட்டா-சைக்ளோடெக்ஸ்டிரின் என்று பெயர். 1891-லேயே வில்லியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வகை வளையங்களைக் கண்டிருந்தார். வளையத்தின் வெளிப்புறம் தண்ணீரோடு இணக்கமாக இருக்கும். உட்குழி தண்ணீரை விரும்பாது. குழியின் அகலம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. பிஸ்பினால்-ஏ போன்றவை அதில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். துர்நாற்றம் போக்கும் ஃபெப்ரீஸ் ஸ்பிரேயில் வேலை செய்வதும் இதன் உறவினர்தான்.

வளையங்களைச் சேர்த்துப் பாலிமர் ஆக்கும் முயற்சி பழையதுதான். முன்பு இணைப்புகள் வளைந்துகொடுத்ததால் எல்லாம் படிந்து அடைந்துபோனது. டிக்டல் குழு, ஃபுளோரின் ஏந்திய விறைப்பான இணைப்பைப் போட்டதும் வளையங்களுக்கு இடையே வழி பிறந்தது. கரியில் துளைகள் எண்ணிலடங்காதவை, ஆனால் ஒழுங்கற்றவை. ஆற்று நீரில் மக்கிய இலைதழைகளின் பெரிய மூலக்கூறுகள் புகுந்து வாயை அடைத்துவிடும். சைக்ளோடெக்ஸ்டிரின் குழிக்குள் அவை எளிதில் நுழைவதில்லை. எத்தனை கிரவுண்டு என்பதைவிட வாசல் எப்படி என்பதே இங்கே முக்கியமாகிவிட்டது.

அடுத்து அவர்கள் கைவைத்தது பிஎஃப்ஏஎஸ் என்ற குடும்பத்தில். ஒட்டாத தோசைக்கல், தீயணைப்பு நுரை, கறைபடாத துணி என்று எங்கும் புகுந்த ஃபுளோரின் சேர்மங்கள் இவை. இயற்கையில் எளிதில் சிதையாதவை. இவற்றில் பிஎஃப்ஓஏ என்பதற்கு அமெரிக்கா 2024-ல் விதித்த குடிநீர் வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் 25 லட்சம் லிட்டரில் 10 மில்லிகிராம் கலந்தாலே அந்த அளவு வந்துவிடும். இணைப்பை மாற்றிச் செய்த இன்னொரு மாவுச்சத்துப் பாலிமர், லிட்டருக்கு 1,000 நானோகிராம் இருந்த பிஎஃப்ஓஏவை 10-க்கும் கீழே இறக்கியதாக 2017-ல் எழுதினார்கள். இந்த வகைப் பாலிமர் அங்கே வீட்டுக் குடிநீர் ஜாடிக்கான ஃபில்டராக விற்பனைக்கே வந்துவிட்டது.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. பிடிப்பது பாதி வேலைதான். கழுவி எடுத்த நஞ்சு கழுவிய திரவத்தில் இருக்கும். தூக்கிப் போட்ட ஃபில்டரின் நஞ்சு குப்பை மேட்டில் இருக்கும். ஆர்.ஓ. கருவியும் அப்படித்தான், தள்ளிவிடும் கழிவு நீரில் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புகிறது. டிக்டல் குழுவே 2022-ல் இதற்கும் ஒரு வழி சொன்னது: காஸ்டிக் சோடாவோடு டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் பிஎஃப்ஓஏ சிதைந்துவிடுகிறது. ஆனால் அதன் சகோதரன் பிஎஃப்ஓஎஸ் இந்த முறைக்கு மசியவில்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதை விட்டுவிடாதீர்கள், அது கிருமிக்கு நல்ல மருந்து. பிஎஃப்ஓஏ அதில் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். புது ஃபில்டர் விற்க வருகிறவர் 'நானோ' என்று ஆரம்பித்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்த மாசைப் பிடிக்கும், எத்தனை லிட்டர் வரை பிடிக்கும், தீர்ந்துபோன கேட்ரிட்ஜை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். முதல் இரண்டுக்கும் பதில் அட்டைப்பெட்டியிலேயே இருக்கக்கூடும். மூன்றாவதை அழுத்திக் கேளுங்கள்.