200 டாலர் டாமி கன் 30,000 டாலர் ஆனது எப்படி?

இன்னைக்கு எபிசோட் பழைய சப்மெஷின் கன் ஏலங்களைப் பத்தி. அமெரிக்காவுல இதைச் சேகரிக்கிறவங்க பேசிக்கிறதைக் கேட்டா, பாதி நேரம் துப்பாக்கியைப் பத்தியே பேச மாட்டாங்க. பேப்பரைப் பத்தித்தான் பேசுவாங்க. அது ஏன்னு பார்த்துடலாம்.

முதல்ல தாம்சன், அதாவது சினிமாவுல பார்க்கிற அதே 'டாமி கன்'. 1921 மாடலை கோல்ட் கம்பெனி 15,000 செஞ்சு கொடுத்தது. ஒண்ணோட விலை சுமார் 200 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய காசு, அதனால சரியா விக்கவே இல்ல. பல வருஷம் கிடங்குல கிடந்தது. இன்னைக்கு நல்ல நிலையில இருக்கிற கோல்ட் தாம்சன் ஏலத்துல 30,000 டாலரைச் சாதாரணமா தாண்டும்.

மூணு வருஷங்கள்

1934: தேசிய ஆயுதச் சட்டம் வருது. மெஷின் கன்னைத் தடை பண்ணல. பதிவு பண்ணணும், கை மாறும்போது 200 டாலர் வரி கட்டணும், அவ்வளவுதான். ஆனா துப்பாக்கியோட விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்துச்சு! அந்த வரி இன்னிக்கும் அதே 200 டாலர்தான்.

1968: வெளிநாட்டு மெஷின் கன்களைத் தனியார் விற்பனைக்கு இறக்குமதி பண்றது நின்னுபோச்சு. கூடவே 30 நாள் பொது மன்னிப்பு கொடுத்தாங்க. போர்ல இருந்து கொண்டு வந்ததை எல்லாம் அப்போ கேள்வி இல்லாம பதிவு பண்ணிக்கலாம்.

1986: இதுதான் முக்கியம். மே 19-க்குப் பிறகு செஞ்ச மெஷின் கன்னைச் சாதாரண மக்கள் வாங்க முடியாதுன்னு சட்டம் வந்துச்சு. சப்ளை அன்னைக்கே ஃப்ரீஸ். பிட்காயின்ல 2.1 கோடிக்கு மேல வராதுன்னு சொல்றோமே, அதே மாதிரி. ஆனா இங்க எண்ணிக்கை குறையத்தான் முடியும்: துரு, தீ விபத்து, அழிப்பு.

இரும்புக்கு இல்ல, பட்டாவுக்கு

ஸ்டென் கன்னை எடுத்துக்கோங்க. இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டன் அவசரத்துல குழாயை வெல்டிங் பண்ணி, சில பவுண்டு செலவுல செஞ்ச துப்பாக்கி. பார்க்கவே பிளம்பிங் சாமான் மாதிரி இருக்கும். பதிவு இருந்தா பல ஆயிரம் டாலர். அதே துப்பாக்கியோட ரிசீவரை, அதாவது நடு உடம்பை, டார்ச்சால வெட்டிட்டு மத்த பாகங்களை மட்டும் வித்தா விலை அதுல ஒரு சின்னப் பங்குதான். மனைக்குப் பட்டா மாதிரி, ரிசீவர்ல இருக்கிற சீரியல் நம்பருக்குத்தான் காசு.

மேல எது விலையை ஏத்துது?

ஒண்ணு, அசல் தன்மை. அமெரிக்கக் கடற்படைக்காக 1921 மாடலோட சுடும் வேகத்தைக் குறைச்சாங்க. புது நம்பர் பொறிக்காம, 1921-ல கடைசி '1' மேலேயே '8' அடிச்சு 1928 ஆக்கிட்டாங்க. சேகரிப்பாளர்கள் அந்த ஒரு எண்ணை லென்ஸ் வெச்சுத் தேடுவாங்க. யாராவது பளபளன்னு இருக்கட்டும்னு புது பாலிஷ் போட்டிருந்தா, விலை விழுந்துடும்.

ரெண்டு, கதை. 2012-ல கான்சாஸ் சிட்டி ஏலத்துல, பானி-கிளைட் ஜோடியோடதுன்னு சொல்லப்பட்ட தாம்சன் 1,30,000 டாலருக்குப் போச்சு. அந்த விலை துப்பாக்கிக்கு இல்ல, அந்தப் பேருக்கு.

மூணு, துணைப் பொருட்கள். டிரம் மேகசின்ல 'எல்' டைப் 50 குண்டு, 'சி' டைப் 100 குண்டு. எழுத்துகள் ரோமன் எண்கள்தான்! டிரம்முக்கு மத்திய அரசுப் பதிவு தேவையில்ல. ஆனா கோல்ட் காலத்து அசல் டிரம்முக்குத் தனி மவுசு. வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கவனிக்கணும்: போர்க்காலத்து எம்1, எம்1ஏ1 மாடல்கள்ல டிரம் பொருந்தாது.

இதுல யாருக்கு இழப்பு?

1968-ல பதிவு பண்ணாம விட்ட குடும்பங்களுக்கு. தாத்தா போர்ல இருந்து கொண்டு வந்தது பரண்ல இருக்கும். அவர் போனப்புறம் பெட்டியைத் திறந்தா, பேப்பர் கிடையாது. இப்போ பதிவு பண்ண வழியும் கிடையாது. வெச்சிருந்தா பத்து வருஷம் வரை ஜெயில். அரசாங்கத்துகிட்ட ஒப்படைக்கணும். பக்கத்து வீட்டுல அதே மாடல் பேப்பரோட இருந்தா, ஒரு கார் வாங்கற காசு.

இன்னொரு பக்கம், பேப்பர் வெச்சிருக்கிறவங்களோட இக்கட்டு. 1986 சட்டம் தப்புன்னு சொல்றவங்கள்ல பலர் சேகரிப்பாளர்கள்தான். நாளைக்கே அந்தச் சட்டம் போச்சுன்னா, புது ஸ்டென் சில நூறு டாலருக்குச் செய்யலாம். அவங்க லாக்கர்ல இருக்கிறதோட மதிப்பு சரிஞ்சிடும். கோல்ட் தாம்சன் மாதிரி வரலாறு உள்ளது ஓரளவு தாங்கும். வெறும் பதிவுக்காக மட்டுமே விலை போறது தாங்காது.

அதனால ஏல விலையைப் பார்க்கும்போது ரெண்டா பிரிச்சுப் பாருங்க: வரலாற்றுக்கு எவ்வளவு, சட்டத்துக்கு எவ்வளவு? முதல் பாதி பழசாக ஆக ஏறும். ரெண்டாவது பாதி வாஷிங்டன்ல ஒரு ஓட்டெடுப்புல காணாம போகலாம்.