மூட்டு வளைந்தால் தசை ஏன் வலிக்கிறது?

கரையான்சாவடியில் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்பவர்களைப் பக்கவாட்டில் பாருங்கள். சிலருக்கு முழங்கால் பின்பக்கம் வில்லாக வளைந்திருக்கும். எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் அவர்களில் பலருக்குப் பிறவியிலேயே தளர்வு. நார்களின் வேலையையும் தசைகளே சேர்த்துப் பார்க்கின்றன. ஓயாத டபுள் டியூட்டி. மூட்டு எங்கே இருக்கிறது என்ற உணர்வும் மங்கலாக இருந்தால், தசை தேவைக்குமேல் இறுகும். சாயங்காலம் கழுத்து, இடுப்பு, கெண்டைக்கால் வலி. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. 'சும்மா சொல்றா' என்ற பட்டம்தான் மிச்சம். அநியாயம்!

இந்தத் தளர்வை அளக்க 1973இல் வந்த பெய்ட்டன் அளவுகோலில் மொத்தம் 9 மதிப்பெண். உதாரணமாக, கட்டைவிரல் முன்கையைத் தொட்டால் கைக்கு ஒன்று; முழங்கால் 10 பாகைக்கு மேல் பின்வளைந்தால் காலுக்கு ஒன்று. வளைகிற எல்லோருக்கும் வலி வருவதில்லை. வலிப்பவர்களுக்கு, இன்னும் இழுத்து நீட்டுவதைவிட, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் படிப்படியாக வலுவேற்றும் பயிற்சியே உதவும்.