இல்லத்துக் குற்றமும் தொழில் உரிமமும்

ஓசூரிலிருந்து ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் நோக்கிக் காலையில் செல்லும் வண்டிகளின் வரிசையைக் கிருஷ்ணகிரி ஜில்லாவாசிகள் நன்கறிவர். சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர் எஞ்சினீயர்களும், அவர்களைத் தொடர்ந்து டாக்டர்களும், கணக்குத் தணிக்கையாளர்களும், வக்கீல்களும் அங்கே பெருகியிருக்கின்றனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் அப்பிரதேசத்தில், புக்ககம் தமிழ்நாட்டிலும் பிறந்தகம் கர்நாடகத்திலுமாக வாழும் ஸ்திரீகள் அநேகர். படிப்பும் பதவியும் உள்ள இல்லங்களில் கணவன் மனைவியைக் கைநீட்டி அடிப்பதில்லை என்று எவரேனும் கருதுவாராயின், அவர் உலகம் அறியாதவர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் கணவனது கொடுமைக்கு ஆளானவர்கள். கர்நாடகத்தில் இத்தொகை இன்னும் அதிகம்.

இத்தகைய பெண் நியாயம் கேட்கப் புறப்பட்டால், முதலில் அவளைத் தடுப்பவர்கள் சுற்றத்தாரே. "அவன் உரிமம் பறிபோனால் உன் ஜீவனத்துக்கு வழியென்ன?" என்பது அவர்கள் கேள்வி. மறுபுறம் கணவனோ, ஒரு பொய்ப்புகாரினால் தன் தொழிலே பாழாகிவிடும் என்று ஓலமிடுகிறான். இவ்விரு பயங்களும் பெரும்பாலும் சட்டம் அறியாமையில் விளைந்தவை. ஆகவே சட்டத்தின் நிலையை இங்கே எடுத்துரைப்பது நமது கடமையாகிறது.

2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) முக்கியமாகச் சிவில் பரிகாரம் தருவது. மாஜிஸ்ட்ரேட் பாதுகாப்பு உத்தரவு பிறப்பிக்கலாம். வீட்டில் வசிக்கும் உரிமையையும் பணவுதவியையும் அளிக்கலாம். இவ்வுத்தரவு குற்றத் தீர்ப்பு ஆகாது. இதனால் எவனுடைய உரிமமும் போய்விடாது. ஆனால் பாதுகாப்பு உத்தரவை மீறுவது, ஓராண்டு வரை சிறைவாசமோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும். உரிமம் கணவன் கையிலேயே இருக்கிறது; மீறினால் இழப்பவனும் அவனே.

1983-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 85-ம் பிரிவாக விளங்கும் கொடுமைக் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இதிலும் புகார் வந்த மாத்திரத்தில் கைது செய்யலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் தெளிவாக்கியது.

இனித் தொழில்களைக் கவனிப்போம். 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டம், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவனை விடுதலைக்குப் பின் இரண்டாண்டு கழியும் வரை பதிவு செய்யாது. ஏற்கனவே பதிவானவனை, "தொழில் சார்ந்த அல்லது வேறு" துர்நடத்தைக்காகக் கண்டிக்கவும், தற்காலிகமாக விலக்கவும், பெயரையே நீக்கவும் பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. டாக்டர்களுக்கு 2002-ம் வருஷத்து விதிகளின்படி கோர்ட்டில் தண்டனை பெறுவதே துர்நடத்தை. கணக்குத் தணிக்கையாளர்கள் விஷயத்தில், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறைக்குரிய குற்றத்தில் குற்றவாளியென்று தீர்ப்பானால் போதும். எஞ்சினீயர்களுக்கோ கவலை பாஸ்போர்ட்டைப் பற்றியது: கிரிமினல் வழக்கு நிலுவையில் உள்ளபோது அது மறுக்கப்படலாம், கோர்ட்டின் அனுமதி பெற்றால் வழி உண்டு. இவை அனைத்திலும், வெறும் புகாரைக் கொண்டு தொழிலைப் பறிக்கும் ஷரத்து எதுவும் இல்லையென்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வழக்கை மறைப்பதுதான் ஆபத்து. வேலைக்கு மனுச் செய்வோர் உண்மையை மறைத்தால் எஜமானர் அதன்மேல் நடவடிக்கை எடுக்கலாமென்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது.

எல்லையைத் தாண்டிவிட்டால் தப்பலாமென்ற எண்ணமும் வீண். 2005-ம் வருஷத்துச் சட்டப்படி, அப்பெண் தற்காலிகமாக வசிக்கும் ஊரிலும் மனுச் செய்யலாம். உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். கொடுமை வழக்கையும் அவள் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே தொடுக்கலாமென்பது 2019-ல் ரூபாலி தேவி வழக்கில் கண்ட முடிவு.

நம் நாட்டு வக்கீல்கள் உரிமம் இழந்த சரித்திரம் ஒன்றுண்டு. 1908-ல் ராஜதுரோகத் தண்டனை பெற்ற வ. உ. சிதம்பரம் பிள்ளை ஸன்னதை இழந்தார். பின்னர் அதை மீட்டுத் தந்த வாலேஸ் துரையின் நினைவாகத் தம் புதல்வருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். 1922-ல் லண்டன் இன்னர் டெம்பிள் சங்கம் மகாத்மாவின் பெயரை நீக்கியது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, ஒத்துழையாமைக் காலத்தில் வக்கீல் தொழிலைத் தாமே துறந்தார். அவர்கள் தொழிலை இழந்தது பிறர் விடுதலைக்காக. மனைவியை அடித்து அதனால் தொழிலை இழப்பவனுக்கு எந்தப் பெருமை மிஞ்சும்?

ஒன்று சொல்வோம். விசாரணைக்கு முன் ஒருவனைக் குற்றவாளியாக்குவது அநியாயம். தீர்ப்புக்குப் பின்னும் சகதொழிலாளி என்று அவனைக் காப்பது அதனினும் பெரிய அநியாயம். வக்கீல்கள் சட்டத்தின்படி, புகார் வராவிடினும் பார் கவுன்சில் தானாகவே நடவடிக்கை தொடங்கலாம். அந்த அதிகாரம் உறங்கலாகாது. தண்டனைத் தீர்ப்பின் நகலைச் சம்பந்தப்பட்ட கவுன்சிலுக்குக் கோர்ட்டே அனுப்பும் ஏற்பாடு வேண்டும். உரிமத்தை நிறுத்துங்கால் மனைவி மக்களின் ஜீவனாம்சம் தடைப்படாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். "உன் ஜீவனத்துக்கு வழியென்ன?" என்ற கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லுமானால், அவள் வாய் திறக்க அஞ்சமாட்டாள். தேச சேவையில் ஈடுபட்ட நண்பர்கள் தங்கள் ஊர் வக்கீல் சங்கங்களில் இதை முதற்கண் பிரஸ்தாபிப்பார்களாக.