வயலில் விளைந்த வாக்கு

ஏட்டையும் எழுத்தாணியையும் கையில் எடுத்தறியாத குடியானவர்கள், தங்கள் பாட்டனும் முப்பாட்டனும் மண்ணோடும் மழையோடும் பழகிக் கண்டறிந்த அனுபவங்களை மறதிக்கு இரையாக விடாமல் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதற்குக் கையாண்ட சாதனங்களுள் தலையாயது பழமொழி.

“நண்டு ஓட நெல், நரி ஓடக் கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓடத் தென்னை” என்னும் வாக்கை எடுத்துக்கொள்வோம். பயிருக்குப் பயிர் போதிய இடைவெளி இருந்து, வெளிச்சமும் காற்றும் தடையின்றிப் புகுந்தால்தான் பயிர் செழிக்கும் என்ற விவசாய சாஸ்திரத்தை, கிராமத்து ஜனங்கள் நித்தமும் கண்ணால் கண்ட நான்கு பொருள்களையே அளவுகோலாக்கி, மோனையின் துணைகொண்டு, மாடு மேய்க்கும் சிறுவனும் மறவாதபடி அமைத்துவிட்ட சாமர்த்தியம் வியக்கத்தக்கது.

இடத்துக்கு இவ்வாறு கணக்கு வகுத்தவர்கள் காலத்துக்கும் வகுத்தார்கள். “ஆடிப் பட்டம் தேடி விதை” என்றார்கள். மேற்கு மலைகளில் பெய்த மழையால் காவிரியில் புதுப்புனல் பெருகும் ஆடியில் விதைத்த நெல், ஐப்பசி கார்த்திகை அடைமழையை ஏற்று வளர்ந்து, தையில் களத்துமேட்டுக்கு வந்து சேரும். கடனை அடைக்கவும் கல்யாணம் பேசவும் கையில் தானியம் வரும் மாதம் அதுவாகையால், “தை பிறந்தால் வழி பிறக்கும்” என்ற நம்பிக்கையும் அந்த விதைப்பிலிருந்தே முளைத்தது. இத்தனை பாடுபட்டவனின் துக்கத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்று உள்ளபடியே சொல்லிவிட்டார்கள்.

இத்தகைய வாக்குகளைப் புலவர்களும் போற்றினர். செய்யுள்தோறும் ஒரு பழமொழியை அமைத்து முன்றுறை அரையனார் ‘பழமொழி நானூறு’ இயற்றினார். பிற்காலத்தில் பெர்சிவல் பாதிரியார் 6,000-க்கு மேற்பட்ட பழமொழிகளைத் திரட்டி 1874-இல் வெளியிட்டார். ஜென்சன் பாதிரியார் தாம் சேகரித்தவற்றை விஷயவாரியாகப் பகுத்து 1897-இல் அச்சேற்றினார். அவர்களுடைய பிரயாசைக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள்.

எனினும், சொன்னவர் யார், கேட்டவர் யார், சொல்ல நேர்ந்த சந்தர்ப்பம் யாது என்பவற்றை இழந்து வெறும் வாக்கியமாக மட்டும் எஞ்சும் பழமொழி, தன் உபயோகத்தில் பாதியை இழந்துவிடுகிறது. நாற்று நட்டு நடவு முறையை அறிந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர்களை அவர்களிடம் அனுப்பி, ஒவ்வொரு பழமொழியையும் அதன் பிரயோகத்தோடும் காரணத்தோடும் எழுதிவரச் செய்தல் வேண்டும். வாக்கியங்களை முன்னோர் தொகுத்துத் தந்துவிட்டார்கள்; அவற்றின் வாழ்க்கையைத் தொகுப்பது நம் தலைமுறையின் கடன்.