ஜிசிசி கேட்டு நடக்கும் ஃபிளாக்குகள்

சி மொழியில் எழுதிய நிரலைக் கணினி அப்படியே இயக்காது. கம்பைலர் அதை இயந்திர மொழிக்கு மாற்றித் தர வேண்டும். லினக்ஸில் இந்த வேலைக்குப் பெரும்பாலோர் நாடுவது ஜிசிசி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்டபோது அது சி மொழிக்கு மட்டுமான கம்பைலர். இன்று சி++, ஃபோர்ட்ரான் எனப் பல மொழிகளைக் கையாளுகிறது.

டெர்மினலில் ஜிசிசி என்று தட்டி, இடம்விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ‘ஏ.அவுட்’ என்ற கோப்பு கிடைக்கும். அந்த ஒரு வரிக்குள் நான்கு வேலைகள் நடந்து முடிகின்றன. ஹெடர் கோப்புகளும் மேக்ரோக்களும் விரிகின்றன. நிரல் அசெம்பிளி மொழியாகிறது. அசெம்பிளர் அதை ஆப்ஜெக்ட் கோப்பாக்குகிறது. கடைசியில் லிங்கர் தேவையான லைப்ரரிகளைச் சேர்க்கிறது. எந்தக் கட்டத்தோடு நிறுத்துவது, எவ்வளவு கறாராகச் சோதிப்பது என்பதை, அந்த வரியில் சேர்க்கும் ஃபிளாக்குகள் சொல்கின்றன. சிறிய ‘சி’ போட்டால் லிங்கர் வரை போகாமல் ஆப்ஜெக்ட் கோப்போடு வேலை நின்றுவிடும். சிறிய ‘ஓ’ போட்டு, வெளிவரும் கோப்புக்கு விரும்பிய பெயரை வைக்கலாம்.

புதிதாகக் கற்பவர் முதல் நாளே பழக வேண்டியது ‘-டபிள்யூஆல்’. மதிப்பெண் 35-க்குச் சமமா என்று கேட்க இரண்டு சமக்குறிகள் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் மதிப்பெண்ணே 35 ஆகிவிடும். நிபந்தனையும் எப்போதும் சரி என்றே வரும். இலக்கணப்படி அது செல்லுபடியாகும் நிரல் என்பதால் ஃபிளாக் இல்லாதபோது ஜிசிசி வாய் திறக்காது. ‘-டபிள்யூஆல்’ இருந்தால் வரி எண்ணோடு எச்சரிக்கும். பெயரில் ‘ஆல்’ இருந்தாலும் எல்லா எச்சரிக்கைகளும் இதில் அடங்காது. மேலும் சிலவற்றை ‘-டபிள்யூஎக்ஸ்ட்ரா’ தருகிறது.

பெரிய ‘ஓ’ வேகத்துக்கானது. எதுவும் சொல்லாவிட்டால் பூஜ்ய நிலை. அன்றாடப் பயன்பாட்டுக்கு ‘-ஓ2’ போதும். இந்த நிலையில் ஜிசிசி நிரலைத் துணிந்து திருத்தும். ஓர் ‘இன்ட்’ எண்ணோடு 1 கூட்டினால் அதைவிடப் பெரிதாகுமா என்ற சோதனை இருந்தால், கணக்குப் போடாமலே ‘ஆம்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘இன்ட்’ எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதை சி மொழியின் தரநிலை வரையறுக்கவில்லை. அதனால் மீறல் நேராது என்றே கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. கம்பைலர் நிரலைக் கெடுத்துவிட்டது என்று பழி சொல்வது நியாயமில்லை. பிழை நிரலிலேயே இருந்தது.

ஜிடிபி என்ற கருவி கொண்டு பிழை தேடுவோர் ‘-ஜி’ சேர்ப்பார்கள். வரி எண்களும் மாறிகளின் பெயர்களும் கோப்பிலேயே பதிவாகும்.

வர்க்கமூலம் போன்ற கணித ஃபங்ஷன்களுக்கு ‘-எல்எம்’ தேவைப்படும். லிங்கர் கோப்புகளை இடமிருந்து வலமாகப் பார்த்துச் செல்வதால், அதை நிரல் கோப்பின் பெயருக்குப் பின்னால் போட வேண்டும். முன்னால் போட்டால், எழுதியது எல்லாம் சரியாக இருந்தும் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்ற பிழை வரக்கூடும்.